பழைய ஃபோர் பை ஃபோருக்கு பவர் ஸ்டியரிங் போடலாமா, முதல்ல இத பாருங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் பழைய சீரீஸ் த்ரீ லேண்ட் ரோவர், ஃபார்ட்டி சீரீஸ் லேண்ட் குரூசர், குட்டி சுசுகி எஸ்ஜே வச்சிருக்கறவங்களுக்கு சொல்றேன், ஸ்டியரிங் கனமா இருக்குன்னு உடனே கிட் வாங்க ஓடாதீங்க.

முதல்ல முன்பக்கத்த ஜாக்கில தூக்கி ஸ்டாண்ட் மேல உக்கார வைங்க, அப்புறம் ஸ்டியரிங்க இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் சுத்துங்க. வீல் தரையில படாதப்பவே கனமா இருந்தா டயர் மேல தப்பு இல்ல, ஸ்விவல் (முன் வீல் திரும்பற மூட்டு), பால் ஜாயின்ட், ஸ்டியரிங் பாக்ஸ் எதுவோ இறுகியிருக்கு. டிராக் லிங்க்க, அதாவது ஸ்டியரிங் திருப்பறத வீல் பக்கம் கொண்டு போற கம்பிய, கழட்டிட்டு தனித்தனியா ஆட்டினா எதுன்னு பிடிச்சிடலாம். சீரீஸ் வண்டியில முன் கிராஸ்மெம்பருக்குள்ள (சேஸிஸோட குறுக்குச் சட்டம்) ஒரு ஸ்டியரிங் ரிலே நிக்குது பாருங்க, கரண்ட் ரிலே இல்ல, ஸ்டியரிங் திருப்பத்த வீலுக்குக் கடத்தற தண்டு, அது ஆயில் வத்தி காஞ்சு கிடக்கும், யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. இத சரி பண்ணாம மேல பவர் ஸ்டியரிங் போட்டா பம்ப் அந்தக் கோளாற மறைக்கும், அவ்வளவுதான். டயர் பிரஷரும் பாருங்க, மண்ணுக்காக எறக்கின காத்த தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏத்தணும்.

தூக்கினப்ப லேசா சுத்துது, எறக்கினா மட்டும் கனம், அகலமான டயர், ஆஃப்செட் மாத்தின ரிம், முன்னாடி டிஃப் லாக் (ரெண்டு வீலும் சேர்ந்தே சுத்தற மாதிரி பூட்டறது) வேற இருக்குன்னா தாராளமா போடுங்க. கல்லுல வீல் மோதறப்ப ஸ்டியரிங் பிடுங்கிட்டுப் போய் கட்டைவிரல ஒடிக்கறதும் நல்லா குறையும். ஸ்டியரிங் டேம்பர், அதாவது ஸ்டியரிங் கம்பியில மாட்டற ஷாக் அப்சார்பர், அந்த ஒதறல மட்டும் குறைக்கும், கனத்த குறைக்காது. பழைய ஒல்லி டயரோட லேசான எஸ்ஜே வச்சிருந்தா எனக்கு கேட்டா வேணாம்.

போடறதுன்னா பம்ப் தர்ற ஆயில் அழுத்தத்துல வேலை செய்யற ஹைட்ராலிக் பாக்ஸ் தான் என் ஓட்டு, லேண்ட் குரூசருக்கு சிக்ஸ்டி சீரீஸ் பாக்ஸ், எஸ்ஜேக்கு விட்டாரா பாக்ஸ்னு ஒரே குடும்பத்துலேருந்து எடுங்க. கார்லேருந்து கழட்டின எலக்ட்ரிக் காலம் (மோட்டார் வச்ச ஸ்டியரிங் தண்டு) போடறவங்களும் இருக்காங்க, பைப், பம்ப் தொல்லை இல்ல, ஆனா அது கரண்ட்ட நல்லா உறிஞ்சும், பழைய ஆல்டர்னேட்டர் தாங்காது. எதுவா இருந்தாலும் பாக்ஸ் உக்கார்ற எடத்துல சேஸிஸுக்கு பிளேட் வச்சு, போல்ட் போற ஓட்டைக்குள்ள குழாய் விட்டு வெல்ட் பண்ணுங்க, இல்லன்னா அந்த எடம் வெடிக்கும். இதுல மட்டும் காசு பாக்காதீங்க, நல்ல வெல்டர்கிட்ட குடுங்க. முடிஞ்சதும் இன்சூரன்ஸ்காரங்களுக்கு சொல்லிடுங்க.

இன்னொண்ணு, ஹைட்ராலிக்ல எஞ்சின் நின்னா பவரும் போச்சு, அப்ப பழைய ஸ்டியரிங்க விட கனமா இருக்கும். 2,800 மீட்டருக்கு மேலேருந்து லெசோத்தோ எல்லையில இருக்கற சானி பாஸ் மலைப்பாதையில எறங்கறப்ப கொண்டை ஊசி வளைவுல எஞ்சின் நின்னா என்ன ஆகும்னு யோசிங்க, அதனால காலி எடத்துல எஞ்சின ஆஃப் பண்ணி மெதுவா உருட்டி திருப்பிப் பழகுங்க. மாட்டி முடிச்சு ஸ்டியரிங் ஆயில்ல இருக்கற காத்த வெளிய எடுக்கறப்ப முன் வீல தூக்கி, எஞ்சின் ஆஃப்ல மெதுவா ரெண்டு பக்கமும் சுத்தி, குமிழி நிக்கற வரைக்கும் ஆயில் ஊத்துங்க. ஓட்டறப்ப கடைசி வரைக்கும் திருப்பி அப்படியே அழுத்திப் பிடிச்சிட்டு நிக்காதீங்க, ஆயில் கொதிச்சு பம்ப் சீல் போயிடும்.