மைக்ரோகர்னல் துவங்கும்போது நினைவகத்தைக் கணக்கெடுப்பது எப்படி?

வேலூர், காட்பாடிப் பக்கம் இயங்குதளம் எழுதிப் பழகும் கல்லூரி மாணவர்கள், நினைவகத்தைப் பங்கிடும் நிரல் முழுவதையும் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே வைத்துவிடலாமே என்று கேட்பதுண்டு. மிக அவசியமான வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சர்வர் எனப்படும் வெளி நிரல்களிடம் விடும் மைக்ரோகர்னலில் அது வேண்டாம். கர்னல் கணக்கெடுத்து ஒப்படைத்தால் போதும், பங்கீடு வெளியே இயங்கும் சர்வரின் பொறுப்பு. இங்கே, பூட்லோடர் கர்னலை ஏற்றி ஒப்படைக்கும் முறையை வரையறுக்கும் மல்டிபூட் தரத்தின் முதல் பதிப்பையும் 32 பிட் எக்ஸ்86 கணினியையும் எடுத்துக்கொள்கிறேன்.

பூட்லோடரான க்ரப் கட்டுப்பாட்டைக் கர்னலிடம் ஒப்படைக்கும்போது, மல்டிபூட் தகவல் தொகுப்பின் முகவரி ஈபிஎக்ஸ் ரிஜிஸ்டரில் இருக்கும். அதன் கொடிகளில் 6ஆம் பிட் 1ஆக இருந்தால் மட்டுமே, எந்த முகவரிப் பகுதி எந்த வகை என்று பட்டியலிடும் நினைவக வரைபடத்தைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் உள்ள அளவு தன்னுடைய 4 பைட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், 20 என்று இருந்தால் 24 பைட் தள்ளித்தான் அடுத்த பதிவு தொடங்கும். பதிவுகள் வரிசையாக இருக்கும் என்றோ, ஒன்றன்மேல் ஒன்று படியாது என்றோ நம்பக் கூடாது. வகை 1, அதாவது பயன்படுத்தத்தக்க நினைவகம், மட்டுமே நமக்கு உரியது. அதன் தொடக்கத்தை 4 கேபி (ஒரு பக்கத்தின் அளவு) எல்லைக்கு மேல்நோக்கியும் முடிவைக் கீழ்நோக்கியும் நகர்த்த வேண்டும். மற்ற வகைகளுக்கு இது நேர்மாறு.

மைக்ரோகர்னல் எழுதுபவர் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. பாலாற்றங்கரை நிலம் ஒன்றில் வீடு எழும்பிய பிறகும் அடங்கல் பதிவேட்டில் தரிசு என்றே இருப்பதைப் போல, கர்னலும் க்ரப் அதனுடன் ஏற்றிய கூடுதல் கோப்புகளான மாட்யூல்களும் தகவல் தொகுப்பும் இருக்கும் பகுதிகளை அந்த வரைபடம் காலி இடமாகவே காட்டும். எல்லா வேலையையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் ஒற்றைக் கர்னலில் மாட்யூல் ஒன்று அழிந்தால் ஒருவேளை சமாளிக்கலாம். இங்கோ முதல் சர்வரே மாட்யூலாகத்தான் வருகிறது. எனவே தகவல் தொகுப்பை முதலில் கர்னலின் சொந்த இடத்துக்கு நகலெடுத்து, கர்னலும், மாட்யூல் ஒவ்வொன்றும் தொடக்கம் முதல் முடிவு வரையிலும், அவற்றின் கட்டளை வரிகளும் இருக்கும் பக்கங்களைக் கழித்துவிட வேண்டும். கர்னலின் முடிவாக லிங்கர் தரும் குறியீடு, தொடக்க மதிப்பில்லாத மாறிகளுக்கான பிஎஸ்எஸ் பகுதிக்குப் பின்னால் அமைந்திருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பக்கத்துக்கு ஒரு பிட் என்று வைத்தால், 4 ஜிபிக்கு 128 கேபி பிட்மேப் போதும். அதை பிஎஸ்எஸ் பகுதியிலேயே அறிவித்துவிட்டால், அதற்குத் தனியாக இடம் தேடும் சிக்கல் இல்லை. முதல் சர்வரான ரூட் டாஸ்க்கின் பேஜ் டேபிளுக்கு (முகவரி மாற்ற அட்டவணைக்கு) வேண்டிய பக்கங்களை, முன்னோக்கி மட்டுமே நகரும் ஒரு சுட்டியால் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அதனிடமே ஒப்படைக்கலாம். எல்4 என்னும் மைக்ரோகர்னல் குடும்பத்தில் சிக்மா0 என்னும் சர்வர் இப்படித்தான் தொடக்கத்தில் நினைவகத்தைப் பெறுகிறது. அதே குடும்பத்தின் எஸ்இஎல்4 கர்னலோ மீதி நினைவகம் முழுவதற்குமான உரிமையை முதல் பணிக்குத் தந்துவிட்டு, அதன்பின் தானாக எதையும் ஒதுக்குவதில்லை.

சோதிப்பதற்கு, கணினியை மென்பொருளாகப் போலச்செய்யும் கியூஎமுவில் நினைவக அளவை 16 எம்பி, 512 எம்பி, 4 ஜிபி என்று மாற்றிப் பாருங்கள். கடைசி அளவில், பிசிஐ சாதனங்களுக்கு விடப்பட்ட இடைவெளியால் ஒரு பகுதி 4 ஜிபி முகவரிக்கு மேலே போய்விடும். வரைபடத்தின் முகவரிகளை 32 பிட் மாறியில் வாங்கினால், அந்தப் பகுதி தொடக்க முகவரி 0 என்று தவறாகப் பதிவாகும். 64 பிட்டில் வாங்கி, 4 ஜிபியைத் தாண்டியதை வெட்டிவிடுங்கள். மாட்யூலின் செக்சம்மை (உள்ளடக்கம் மாறியதா என்று காட்டும் எண்) கணக்கெடுப்புக்கு முன்பும் ஒப்படைப்புக்குச் சற்று முன்பும் சீரியல் போர்ட்டில் அச்சிட்டு ஒப்பிடுங்கள். எண்கள் மாறியிருந்தால், கழிக்க வேண்டிய பக்கம் ஏதோ விடுபட்டிருக்கிறது.