லாயிட் ஆடி: ஒரு ஸ்லைடும் ஒரு லூப்பும் போதும்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வாட்ச், ரேடியோ, படகு ஜிபிஎஸ் என்று எது வந்தாலும் பார்க்கிற மெக்கானிக் நான். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். ஒளியின் குறுக்கீட்டு விளைவை (இரண்டு ஒளி அலைகள் கூடி வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டை போடுவதை) காட்ட வழி கேட்டு வரும் பிள்ளைகளிடம், பிளேடால் இரட்டைப் பிளவு கீறி மெனக்கெட வேண்டாம் என்பேன். 1834-இல் ஹம்ஃப்ரி லாயிட் செய்து காட்டிய ஒற்றை ஆடியே போதும்.

சிவப்பு லேசர் பாயின்டர் ஒன்று (5 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம், சுவரைப் பாருங்கள், ஒளிக்கு நேரே கண்ணை வைக்காதீர்கள்), வாட்ச் மெக்கானிக் கண்ணில் மாட்டும் லூப் (பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்), மைக்ராஸ்கோப் ஸ்லைடு (இதுதான் நம் ஆடி), ஏ4 தாள். முகம் பார்க்கும் கண்ணாடி ஆகாது. ரசம் பின்பக்கம் இருப்பதால் இரண்டு பிரதிபலிப்பு வந்து குழப்பும். ஸ்லைடின் அடியில் கருப்பு பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள்.

லேசரை லூப் வழியாக விட்டு, ஊதுபத்திப் புகையைக் காட்டுங்கள். லென்ஸுக்கு இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி ஒளி ஊசிமுனையாகக் கூடி மறுபடி விரியும். அந்த முனைதான் உங்கள் ஒளி மூலம். அதற்கு 3 செ.மீ. அப்பால், சிறு மரக்கட்டைமேல் ஸ்லைடை நீளவாக்கில் படுக்கவையுங்கள். ஒளிமுனை ஸ்லைடின் மட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள். திருகாணி எதுவும் வேண்டாம். ஏ4 தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன், கட்டைக்கு அடியில் ஒவ்வொன்றாகச் சொருகினால் போதும். மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரில், இருட்டறையில், கிடைக்கோடுகளாகப் பட்டைகள் விழும். தாள் கூடக் கூடப் பட்டை அகலும்.

நேரே போகும் ஒளியும் ஸ்லைடில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் ஒரே மூலத்திலிருந்து வருவதால்தான் இது நடக்கிறது. இரண்டு பாயின்டர் வைத்தால் பட்டை வராது. இதே உத்தியில்தான் சிட்னியின் டோவர் ஹைட்ஸ் கடலோரக் குன்றில் 1946-இல் ஒரே ஆன்டெனாவை வைத்து, கடல் பரப்பையே ஆடியாக்கிச் சூரியனின் ரேடியோ அலைகளை ஆராய்ந்தார்கள். ரேடியோ வானியலாளர் ரூபி பெய்ன்-ஸ்காட் அந்தக் குழுவில் ஒருவர். நம்ம ஊரில் என்றால், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் அலை புரளும் மன்னார் பக்கத்து ஆண் கடல் இதற்கு உதவாது, அமைதியான பாக் நீரிணைப் பெண் கடல்தான் தோது.

பத்துப் பட்டைகளின் மொத்த அகலம் 20 மி.மீ. என்றால் ஒன்று 2 மி.மீ. பாயின்டரில் 650 நானோமீட்டர் என்று போட்டிருந்தால், அதைச் சுவர்த் தூரத்தால் பெருக்கி 2 மி.மீ.-ஆல் வகுங்கள். ஒளிமுனைக்கும் அதன் பிம்பத்துக்கும் உள்ள இடைவெளி வரும்: 0.975 மி.மீ. ஸ்கேல் வைத்து அளக்க முடியாததைப் பட்டை அளந்து கொடுக்கிறது.

ஆடியில் தெறிக்கும்போது அலை தலைகீழாவதால், பாதை வித்தியாசமே இல்லாத இடத்தில் வெளிச்சம் அல்ல, இருட்டுதான். ஆனால் அந்தக் கரும்பட்டை சுவரில் சிக்காது. ஸ்லைடின் கடைசி விளிம்போடு டிரேசிங் தாளை ஒட்டவைத்து, பின்னாலிருந்து, ஒளிக்கு நேரே வராமல் சற்றுச் சாய்வாக, இன்னொரு லூப்பால் தாளில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். அங்கே பட்டைகள் மிக நெருக்கம். மில்லிமீட்டருக்குப் பதினைந்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

உப்புக்காற்றில் ஸ்லைடு இரண்டே நாளில் மங்கி, பட்டைகள் கலங்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.