"நீதி என்ன?" என்று கேட்பதற்கு முன்: நாட்டுப்புறக் கதையிடம் கற்கும் முறை

பிள்ளைக்குக் கதை சொல்லி முடித்த கையோடு "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்கும் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும். "ஏமாறக் கூடாது", "பேராசை பெருநட்டம்" போன்ற விடைகளைக் கதையைக் கேட்காமலேயே யாரும் சொல்லிவிடலாம். கதைக்குள் யார், எந்த நிலையில், என்ன செய்தார் என்று பார்ப்பதிலிருந்துதான் கற்றல் தொடங்குகிறது.

தமிழில் வழங்கும் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மகன்களோடும் இரண்டு மருமகள்களோடும் வாழ்ந்த ஓர் ஏழைக் கைம்பெண், நால்வரும் தந்த துன்பத்தைச் சொல்லி அழ ஆளில்லாமல் மனத்துக்குள்ளேயே அடக்கி வைக்க, அவள் உடல் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போயிற்று. அதற்கும் வீட்டில் கேலி பேசினார்கள். ஒருநாள் கால் போன போக்கில் நடந்தவள், ஊருக்கு வெளியே கூரையில்லாத பாழ்வீடு ஒன்றைக் கண்டு உள்ளே போய், மூத்த மகனால் பட்ட பாட்டை ஒரு சுவரிடம் சொன்னாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுந்தது. அவள் உடல் சற்று இளைத்தது. இப்படியே நால்வரைப் பற்றியும் நான்கு சுவர்களிடம் சொல்லி முடித்து, உடலும் மனமும் இலேசாகி, இடிபாடுகளுக்கு நடுவே நின்றாள்.

படித்ததும் அடுத்த கதைக்குத் தாவாமல், இதை உங்கள் சொற்களில் வேறொருவருக்குச் சொல்லிப் பாருங்கள். எங்கே குரல் தயங்குகிறது, எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று கவனியுங்கள். பிறகு, கதையில் நடக்காதவற்றை எண்ணிப் பாருங்கள்: மகன்கள் திருந்தவில்லை, யாரும் தண்டிக்கப்படவில்லை, வீட்டு நிலைமையும் மாறவில்லை. நீதிக்கதைக்குப் பழகிய மனத்துக்கு இது குறையாகத் தோன்றலாம். எனக்கோ இதுவே கதையின் நேர்மையாகப் படுகிறது.

ஒரே கதையின் வெவ்வேறு வடிவங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதும் பயன் தரும். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை 1697-இல் பிரான்சில் அச்சானபோது, ஓநாய் அவளை விழுங்குவதோடு முடிந்தது. 1812-இல் கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியில் வெளியிட்ட வடிவத்திலோ வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை மீட்கிறான். நம் வடை சுட்ட பாட்டி கதையிலும், காகம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு "கா கா" என்று பாடும் வடிவம் உண்டு. எந்த முடிவு உங்களுக்கு நிறைவு தருகிறது, ஏன் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தவரை கதைகளை வாய்மொழியாகக் கேளுங்கள். சொல்பவர் சொல்லச் சொல்ல, கேட்பவர் "உம்" கொட்ட வேண்டும். அது நின்றால் கதையும் நின்றுவிடும். திண்ணை இருட்டில் என் "உம்" தூக்கத்தில் தேய்ந்தபோதெல்லாம் பாட்டி நிறுத்தி, "கேக்குறியாடா?" என்று ஏன் கேட்டார் என்பது, பாழ்வீட்டுச் சுவர்களின் கதையைப் படித்த பிறகே எனக்கு விளங்கிற்று. இந்த வாரம் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு கதை கேளுங்கள்; அவர் முடிக்கும்வரை உம் கொட்டுங்கள்.