மறந்துபோன ஸ்டென்ட்: எடுக்கும்போது நேரும் தவறுகள்

சென்ற வாரம் அறுவை அரங்கில் ஒரு பயிற்சி மருத்துவர், "கீழே கிளீனா இருக்கு சார், இழுத்துடலாமா?" என்று கேட்டார். நோயாளிக்கு டபுள் ஜே ஸ்டென்ட் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீர் தடையின்றி இறங்கத் தற்காலிகமாக வைக்கும், இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாய்) வைத்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. என் பயிற்சிக் காலத்தில் நானும் இதையேதான் கேட்டேன் என்பதால் இதை எழுதுகிறேன். எடுக்க வேண்டிய தேதியைக் குறித்துவைப்பது, பதிவேடு வைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

படம் பார்க்காமல் இழுப்பது

இந்த ஒரு தவறு இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது. சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கருவியான சிஸ்டோஸ்கோப்பில் தெரிவது சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் கீழ் வளையம் மட்டுமே. சிறுநீரகத்துக்குள் இருக்கும் மேல் வளையமும், இடையில் சிறுநீரைக் கீழே இறக்கும் இயற்கைக் குழாயான யூரிட்டருக்குள் ஓடும் தண்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அது சொல்லாது.

என் பயிற்சிக் காலத்தில் அன்று என் மேசையில் இருந்தவர் இரண்டு ஆண்டுகளாக ஸ்டென்ட்டுடன் நடமாடியவர். வலி நின்றுவிட்டதால் அதை மறந்தே போயிருந்தார். கீழ் வளையம் நேற்று வைத்ததுபோல் இருந்தது. ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்தேன், நகரவில்லை. சற்று அழுத்தி இழுத்ததும் குழாய் நீண்டு மெலிந்தது, பிறகு பிடி திடீரெனத் தளர்ந்து ஒரு சாண் நீளத் துண்டு மட்டும் வெளியே வந்தது. அதன்பின் எடுத்த எக்ஸ்ரேயில் மேல் வளையத்தைச் சுற்றி நெல்லிக்காய் அளவுக்குக் கல் திரண்டிருந்தது. ஐந்து நிமிட வேலை என்று அவரிடம் சொல்லியிருந்த நான், முதுகு வழியாகத் துளையிட்டுக் கல்லை உடைக்க வேண்டும் என்று அவர் மனைவியிடம் சொல்ல நேர்ந்தது. ஸ்டென்ட்டுக்குப் பதிலாக யூரிட்டரே அறுந்து வந்திருந்தால் குடலைக் கொண்டு மாற்றுக் குழாய் அமைக்கவோ, சிறுநீரகத்தையே அகற்றவோ வேண்டியிருந்திருக்கும்.

நாள்பட்ட ஸ்டென்ட்டில் கல் படிவது அரிதான நிகழ்வு அல்ல. 1991-இல் வெளியான, இன்றும் பலர் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வில், ஆறு வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் 9.2 சதவீதத்திலும், ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் எடுத்தவற்றில் 47.5 சதவீதத்திலும், அதற்கும் பிந்தியவற்றில் 76.3 சதவீதத்திலும் படிவு இருந்தது. நாள் செல்லச் செல்லக் குழாயின் பொருளும் நொறுங்கும் தன்மை அடைகிறது. ஆகவே மூன்று மாதம் கடந்த எந்த ஸ்டென்ட்டுக்கும் முதலில் எக்ஸ்ரே, ஐயம் இருந்தால் சி.டி. எடுத்துவிடுங்கள். இழுக்கும்போது சி-ஆர்ம் (அறுவை அரங்கிலேயே நேரடியாகப் படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) திரையில் மேல் வளையத்தைப் பாருங்கள்: அது சுருள் அவிழ்ந்து நேராக வேண்டும். அவிழவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். அன்று எடுக்காமல் விடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை.

வரிசை தெரியாமல் இறங்குவது

பெரும்பாலும் கீழிருந்து மேலே போவதே நல்லது. சிறுநீர்ப்பையில் உள்ள படிவை லேசரால் உடைத்து, பிறகு யூரிட்டருக்குள் பார்க்கும் யூரிட்டரோஸ்கோப் வழியாகத் தண்டைச் சுற்றியிருப்பதை நீக்கி, அதன்பின்தான் சிறுநீரகத்துக் கல்லுக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கும் பிடிவாதம் வேண்டாம்.

சிறுநீர்க் கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை) இல்லாமல் தொடங்குவது

தொற்றால் உடலே நிலைகுலையும் செப்சிஸ் வரலாம். முடிவு வரும்வரை காத்திருங்கள்.

ரீனோகிராம் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) எடுக்காதது

செயலிழந்துபோன சிறுநீரகத்தில் மூன்று முறை கல் உடைத்துப் பயனில்லை.

கர்ப்பிணிக்கும் மூன்று மாதக் கணக்கையே பின்பற்றுவது

கர்ப்ப காலத்தில் சிறுநீரில் கால்சியம் கூடுவதால் படிவு விரைவாகச் சேர்கிறது. அவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டென்ட்டை மாற்றுவது வழக்கம்.

துண்டுகளைச் சேர்த்துப் பார்க்காமல் முடிப்பது

உடைந்து வந்த துண்டுகளைப் பச்சைத் துணியின் மேல் வரிசையாக வைத்து அளந்து பாருங்கள். 26 சென்டிமீட்டர் ஸ்டென்ட் 22 மட்டுமே தேறினால், நோயாளியை மேசையிலிருந்து இறக்காமல் மீண்டும் சி-ஆர்ம்மைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.