சிரிஞ்ச் கிரேன் மக்கர் பண்ணப்போ
பையனோட ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு அட்டை, சிரிஞ்ச், தண்ணி நிரப்பின ட்யூப் வச்சு ஹைட்ராலிக் கிரேன் (தண்ணிய தள்ளி தூக்குறது) பண்ணோம், வீட்ல ஜோரா தூக்குச்சு ஆனா அங்க டேபிள்ல வச்சதும் கிரேனோட கை பாதிதான் எழும்புது, அமுக்கினா ஸ்பாஞ்ச் மாதிரி உள்ள போகுது. அட்டைதான் வளைஞ்சிடுச்சுன்னு அதையே நோண்டிட்டு இருந்தேன் (அரை மணி நேரம் போச்சு). அப்புறம் பாத்தா ட்யூப்ல காத்துக் குமிழ். தண்ணி லேசுல அமுங்காது, காத்து அமுங்கும், நாம தள்ளுறதையெல்லாம் அந்தக் குமிழே தின்னுடும். எல்லாத்தையும் கழட்டி பக்கெட் தண்ணிக்குள்ள முக்கி, உள்ளயே வச்சு ட்யூப நிரப்பி மாட்டினேன், சரியாயிடுச்சு. தள்ளுற பக்கம் 5 மில்லி, தூக்குற பக்கம் 10 மில்லி சிரிஞ்ச் போட்டா பலம் கூடும், என்ன, நகர்ற தூரம் குறையும். ட்யூப் முனை லூசா இருந்தா கொஞ்சம் வெட்டிட்டு திரும்ப சொருகுங்க, டேப் சுத்துறதெல்லாம் சுத்த வேஸ்ட்.