சேலை கட்டி வெளியே போகும் ஆண்களுக்கு: திருநெல்வேலிப் பக்கம் பத்திரமாகப் போய் வர

அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் சேலை கட்டிப் பார்த்தது போதும், ஒரு நாள் இப்படியே வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரணும் என்று நினைக்கிற ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். திருநங்கை அக்காமார் பாடு வேறு, அவர்கள் தினமும் அப்படியே வாழ்கிறவர்கள். நாம் சில மணி நேரம் உடுத்திவிட்டு மறுபடி பேண்ட் சட்டைக்குத் திரும்புகிற ஆட்கள், யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் நம்முடைய முதல் கவலை. அந்தக் கவலையில்தான் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் போகிறோம், அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெண் வேடம் போட்ட ஆண் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. சுடலை மாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மகுடம் அடிக்க அடிக்கச் சேலையில் ஆடுகிறவர்கள் ஆண்கள்தான். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டு, காளியாகவும் குறத்தியாகவும் வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நம்ம தெருப் பையன்கள். அந்த நாட்களில் சேலை கட்டின ஆணை யாரும் முறைப்பதில்லை. முதல் தடவை வெளியே போகிறவருக்குத் தெரிந்த தசரா குழுவோடு போவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது அம்மனுக்கான வேண்டுதல். விரதம் இருக்க முடியும் என்றால் மட்டும் போங்கள், சும்மா மறைப்புக்காகப் போகாதீர்கள். அங்கேயும் சூரசம்ஹாரத்து ராத்திரி நெரிசலில் குடித்துவிட்டுக் கை வைக்கிறவன் இருப்பான், குழுவை விட்டுத் தனியே நகராதீர்கள்.

மற்ற நாட்களில் சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு, கடைகள் அடைக்கும் முன்னால், கூட்டம் உள்ள இடம்தான் நல்லது. அல்வாவுக்கு முண்டியடிக்கிற டவுன் கூட்டம் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதன் கண் முழுக்கத் தராசில் இருக்கும். வண்ணாரப்பேட்டை, பாளையங்கோட்டையில் பெரிய ஜவுளிக்கடைகள் உள்ள தெருக்கள் சரி. ராத்திரி ஆற்றங்கரைப் படித்துறை, பைபாஸ் ஓரம், வயக்காட்டு ரோடு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். குற்றாலம் சீசனில் குடித்துவிட்டு வருகிற கூட்டம் அதிகம். தவிரவும் அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் நீங்கள் போகவே கூடாது. அது பயத்துக்காகச் சொல்கிறதில்லை, நம்மால் அங்கே இருக்கிற பெண்களுக்குப் பயம் வந்துவிடக் கூடாது. கழிப்பறைக்கும் இதே கதைதான். வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள், அவசரம் என்றால் ஒரு ஆள் மட்டும் போகிற மாதிரி தனிக் கழிப்பறை உள்ள ஹோட்டலாகப் பாருங்கள்.

எங்கே உடை மாற்றுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். லாட்ஜில் ஆதார் கொடுத்து ஆணாக ரூம் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே ரூமிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தால் ரிசப்ஷனில் இருக்கிறவர் என்ன நினைப்பார்? ரிஜிஸ்டரில் இல்லாத பெண் ரூமில் இருக்கிறாள் என்று அவர் போலீசுக்கு போன் போட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. விஷயம் தெரிந்த நண்பர் வீடு இருந்தால் அதுதான் முதல். இல்லையென்றால் ரூம் போடும்போதே "நிகழ்ச்சிக்கு வேஷம் போட்டுக்கிட்டுப் போவேன் அண்ணாச்சி" என்று சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். காட்டு ரோட்டில் காரை நிறுத்தி மாற்றுவது படு மோசம்.

உடுப்பு விஷயத்துக்கு வருவோம். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், ஓட முடியுமா என்று வீட்டிலேயே ஓடிப் பாருங்கள். கொசுவத்தை இடது கையால் முழங்கால் வரை தூக்கிப் பிடித்து நாலு எட்டு ஓட வரவில்லை என்றால் அந்தச் சேலையோடு வெளியே போகாதீர்கள், சுடிதார் போடுங்கள். உள்ளே லெக்கின்ஸ் இருந்தால் சேலையே பறிபோனாலும் ஓடலாம். முந்தானையில் ஏழெட்டுப் பின் குத்தினால் இழுக்கிறவன் கையில் உங்கள் உடம்பே போய்விடும், ஒன்று போதும். தொங்கட்டான் வேண்டாம், இழுத்தால் காது கிழியும், ஒட்டின மாதிரி சின்னத் தோடு போடுங்கள். கண்ணாடி வளையல் உடைந்தால் உங்கள் மணிக்கட்டைத்தான் கிழிக்கும். குதிகால் உயர்ந்த செருப்பை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கவரிங் செயின். அது கவரிங் என்று உங்களுக்குத் தெரியும், பைக்கில் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அவனுக்கு நீங்கள் தனியாக நடக்கிற பெண், கழுத்தில் நாலு பவுன், அவ்வளவுதான். பாசி மாலை போட்டுக்கொள்ளுங்கள்.

டவுன் பஸ்ஸில் சேலையைப் பார்த்ததும் கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கலாம். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வரும், மறுக்கவில்லை. இருந்தாலும் காசு கொடுத்து டிக்கெட் வாங்குங்கள், செக்கிங் வந்தால் பதில் சொல்கிற நிலைமை வேண்டாம். ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறாதீர்கள், ரயில்வே சட்டம் 162ஆம் பிரிவில் ஆண் ஏறினால் அபராதம் போட்டு இறக்கிவிடலாம். பைக்கில் போனால் முகம் மூடும் ஹெல்மெட் நல்ல மறைப்புதான், துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள், சக்கரத்தில் சிக்கினால் ஹெல்மெட் காப்பாற்றாது.

இப்போது பெரிய ஆபத்து. ரோட்டில் கிண்டல் பண்ணுகிற பயல்களைவிட டேட்டிங் ஆப்பில் இனிக்க இனிக்கப் பேசிக் கூப்பிடுகிறவனிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஒருத்தனாக வரச் சொல்வான், போனால் நாலு பேர் நிற்பார்கள். போனைப் பிடுங்கி, சேலையில் படம் எடுத்து, "உங்க அப்பாவுக்கு அனுப்பவாலே?" என்று ஜிபேயில் பணம் கேட்பார்கள். அவனுக்குத் தெரியும், நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள் என்று. அதை உடைக்க ஒரே ஒரு ஆளுக்காவது நீங்கள் இப்படிப் போவது தெரிந்திருக்கணும். அந்த ஆளுக்கு வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், எட்டு மணி நேரம் வரை ஓடும். இக்கட்டு வந்தால் அனுப்ப ஒரு சாதாரண வார்த்தையும் பேசி வையுங்கள், "மாத்திரை வாங்கணும்" என்கிற மாதிரி. முதல் சந்திப்பு பகலில், டீக்கடையில், பேண்ட் சட்டையில். அதற்கு வர மாட்டேன் என்கிறவன் எதற்குமே வேண்டாம். பணம் கேட்டு மிரட்டினால் ஒரு தடவை கொடுத்தால் நிற்காது. மெசேஜ், நம்பர், யூபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் போடுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம், நீங்கள் என்ன உடுத்தியிருந்தீர்கள் என்பது அதில் வராது.

கைகலப்பு வந்தால் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், கழன்று ஓடப் பாருங்கள். மணிக்கட்டைப் பிடித்தால் அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருகிற இடம்தான் பலவீனம், முழங்கையை மடக்கி அந்தப் பக்கமாக வெடுக்கென்று இழுத்தால் கழன்றுவிடும். முடியைப் பிடித்தால் விக்கை விட்டுவிட்டு ஓடுங்கள், அவன் கையில் முடி மட்டும் மிஞ்சும். அதனால்தான் விக்கில் கிளிப் மேல் கிளிப் குத்தாதீர்கள் என்பது. பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் பாதத்தில் மிதியுங்கள், முழங்கையைப் பின்னால் விடுங்கள். மிளகு ஸ்பிரே வைத்திருக்கலாம், ஆனால் ஆனி ஆடிக் காற்றில் எதிர்க்காற்றுக்கு அடித்தால் உங்கள் கண்தான் எரியும். கத்தி வைத்துக்கொள்ளாதீர்கள், அதுவரை புகார் கொடுக்கிறவராக இருந்த நீங்கள் குற்றவாளியாகிவிடுவீர்கள். தற்காப்பு உரிமை அதே நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது, தேவைக்கு மேல் அடிக்க அது இடம் கொடுக்காது. குரலை மறைக்க நினைக்காமல் ஆண் குரலிலேயே அடிவயிற்றிலிருந்து "திருடன், திருடன்" என்று கத்துங்கள். பெட்ரோல் பங்க், மெடிக்கல் ஷாப், கேமரா உள்ள கடை, எது பக்கமோ அதற்குள் போய் 112க்குப் போன் போடுங்கள்.

போலீஸ் நிறுத்தினால் ஓடாதீர்கள். அடையாள அட்டையைக் காட்டி, "சார், நான் ஆண்தான், இப்படி உடுத்துவது என் விருப்பம்" என்று நேராகச் சொல்லுங்கள். உடையைத் தேர்ந்தெடுப்பது கருத்துச் சுதந்திரத்துக்குள் வரும் என்று 2014ல் திருநர் உரிமை பற்றிய நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பால் புதுமையரை, அதாவது எல்ஜிபிடி ஆட்களை, துன்புறுத்தக் கூடாது என்று 2022ல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள். இதை ரோட்டில் வாதாட வேண்டாம், தெரிந்து வைத்திருந்தால் குரல் நடுங்காது.

அடிபட்டால் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் கேட்கும்போது வெட்கப்பட்டு "படியில விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் நீங்கள் சொன்னதுதான் ஏறும், பின்னால் வழக்கு போடும்போது அதன் நகலைத்தான் கேட்பார்கள். யார், எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று சொல்லுங்கள். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டாம், எங்கே போனாலும் புகாரை வாங்கணும் என்று 2024ல் வந்த புதிய சட்டம் சொல்கிறது. கிழிந்த சேலையைத் துவைக்காமல் ஒரு பேப்பர் பையில் போட்டு வையுங்கள்.