டீமில் இருவர் முட்டிக்கொண்டால்: புது டீம் லீடுக்கு ஒரு செய்முறை

டீம் லீட் ஆன புதிதில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது, அப்ரைசல் எழுதுவது எல்லாம் எப்படியோ பழகிவிடும். டீமில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. என் டீமில் மென்பொருள் எழுதும் ஒரு டெவலப்பருக்கும் அதைச் சோதிக்கும் ஒரு டெஸ்டருக்கும் நடந்த இழுபறி முடிந்த கையோடு இதை எழுதுகிறேன். மீட்டிங் நடத்துவது, ஆட்களோடு தனியாகப் பேசுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாலியல் சீண்டல், மிரட்டல், பிறப்பை இழுத்துப் பேசுவது, இதெல்லாம் மனஸ்தாபக் கணக்கில் வராது. அங்கே சமாதானம் பேச உட்காராதீர்கள். நேராக ஹெச்ஆரிடமோ புகார்க் குழுவிடமோ கொண்டுபோக வேண்டியது அது.

படி 1: சண்டை எதைப் பற்றி?

வேலையை எப்படிச் செய்வது என்பதில் சண்டையா, ஆளையே பிடிக்கவில்லையா, யார் முடிவெடுப்பது என்பதில் குழப்பமா? மூன்றாவதுதான் பெரும்பாலும் முதல் இரண்டின் வேஷத்தில் வரும்.

வேலை பற்றிய வாக்குவாதம் டீமுக்கு நல்லது என்று பலர் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். 2003-ல் டி ட்ரூ, வைன்கார்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த வகை மோதல் இருந்த டீம்களிலும் செயல்திறன் குறைவாகவே இருந்தது. 2012-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, வேலைச் சண்டை ஆள்மேல் கோபமாக மாறாத இடங்களில் பாதிப்பு குறைவு என்றது. ஆக, அது மாறும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். டீம் சாட்டில் எழுதுவதைப் பாருங்கள். “இந்த பக் (மென்பொருள் பிழை) திரும்ப வந்திருக்கிறது” என்பது வேலை. “நீங்கள் எப்போதுமே இப்படித்தான்” என்பது ஆள். அப்புறம், சின்ன விஷயத்துக்கெல்லாம் மெயிலில் உங்களை சிசி போட ஆரம்பித்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

படி 2: தனித்தனியாகக் கேளுங்கள்

ஒரே நாளில், இருவருக்கும் ஒரே அளவு நேரம், ஒரே கேள்விகள். லேப்டாப்பை மூடிவிட்டு நோட்டில் எழுதுங்கள். எதிரில் தட்டச்சு செய்தால் வாக்குமூலம் வாங்குவது போல இருக்கும். “அவர் உங்களைப் பற்றி இப்படிச் சொன்னார்” என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

படி 3: கேட்பது ஒன்று, தேவை வேறு

நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். (கண்டுபிடித்த பக்கை எழுத்தில் பதிவு செய்வதைத்தான் டிக்கெட் போடுவது என்போம்.) டெவலப்பர், “டிக்கெட் போடுவதற்கு முன்னால் என்னிடம் வாயால் சொல்ல வேண்டும்” என்றார். டெஸ்டர், “எதுவானாலும் டிக்கெட்டாகத்தான் போடுவேன்” என்றார். சின்ன பக் என்றால் வாயால், பெரியது என்றால் டிக்கெட் என்று நடுவில் ஒரு கோடு போட்டுப் பார்த்தோம். நிற்கவில்லை. எது சின்னது என்பதில் அடுத்த சண்டை வந்தது.

மேரி பார்க்கர் ஃபோலெட் என்ற நிர்வாகச் சிந்தனையாளர் 1925-ல் ஒரு உரையில் சொன்ன நூலகச் சம்பவம் எனக்கு இங்கே கைகொடுத்தது. ஹார்வர்டு நூலகத்தின் சின்ன அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபோலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று. இவருக்கு வேண்டியது வாடைக்காற்று மேலே படாமல் இருப்பது. இருவரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, அந்தத் தேவையை எப்படி வெளியே கொண்டுவருவது? “ஏன்?” என்று கேட்காதீர்கள், உடனே தற்காப்புக்குப் போய்விடுவார்கள். “நீங்கள் கேட்டபடியே நடந்துவிட்டால் உங்களுக்கு எது சரியாகும்?” என்று கேளுங்கள். டெவலப்பர் யோசித்துவிட்டுச் சொன்னார்: வாராந்திர ரிப்போர்ட்டில் அவர் பெயருக்கு நேரே டிக்கெட் எண்ணிக்கை மேலே போகிறது, பாதி முடித்த வேலையின் பக் எல்லாம் அதில் சேர்ந்துவிடுகிறது. டெஸ்டருக்கு வேறு பயம்: வாயால் சொன்னது மறந்துபோய் ரிலீஸில் வெடித்தால், ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று அவரைத்தான் கேட்பார்கள்.

அதன்பின் ரொம்ப நேரம் ஆகவில்லை. முடியாத வேலைக்கான டிக்கெட்டுகளுக்குத் தனி லேபிள், ரிப்போர்ட்டில் அந்த லேபிள் வராது. பதிவும் இருக்கிறது, பெயரும் கெடவில்லை.

படி 4: இருவரையும் உட்கார வையுங்கள்

படி 3 முடியாமல் இதற்கு வராதீர்கள். விதி ஒன்றே ஒன்று: எப்போது, என்ன நடந்தது, அதனால் வேலையில் என்ன ஆனது, இவ்வளவுதான் பேசலாம். “என்னை மதிப்பதில்லை” செல்லாது. “செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் நான் பேசி முடிப்பதற்குள் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டீர்கள், ரிலீஸ் தேதி பற்றிச் சொல்ல முடியவில்லை” செல்லும். பேச்சு நின்று அமைதியானால் நீங்கள் இட்டு நிரப்ப வேண்டாம். பெரும்பாலும் அவர்களில் ஒருவரே ஆரம்பிப்பார்.

படி 5: எழுதி வையுங்கள்

யார் எதைச் செய்வார், யார் முடிவெடுப்பார், எப்போது திரும்பப் பார்ப்போம். மூன்று வரி, அன்றைக்கே, எல்லோரும் திறக்கக்கூடிய சாதாரண கூகுள் டாக்கில். இதற்கென்று தனி ஆப் வாங்காதீர்கள். தாமஸ், கில்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970களில் உருவாக்கிய கேள்வித்தாள் ஒன்று உண்டு. போட்டி போடுவது, கூடிச் செய்வது, பாதிப்பாதி, தவிர்ப்பது, விட்டுக்கொடுப்பது என சண்டையைக் கையாளும் ஐந்து பாணிகளில் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று காட்டும். உங்களுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள், நல்லது. சண்டைக்கு நடுவில் அவர்கள் கையில் கொடுத்தால் “பார்த்தீர்களா, அவர் இந்த டைப்” என்று அதுவே ஆயுதமாகிவிடும்.

கமெண்டுகளைப் பார்த்துச் சேர்த்தது

வீட்டிலிருந்து வேலை செய்யும் டீமுக்கும் இதே படிகள்தான். ஆனால் படி 2-ஐ சாட்டில் செய்யாதீர்கள், போனாவது போடுங்கள். எழுத்தில் குரல் தெரியாது.

இருவரில் ஒருவர் உங்களைவிட சீனியர் என்றால், முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதை உங்கள் மேனேஜர் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது இல்லாமல் படி 4-ல் உட்கார்ந்தால் உங்களையும் சேர்த்து மூன்று பேர் சண்டையாகிவிடும்.

எவ்வளவு பேசியும் ஒத்துவரவில்லை என்றால்? முடிவை நீங்களே எடுங்கள், காரணத்தை இருவருக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள், மறுபரிசீலனைக்கு ஒரு தேதி போடுங்கள். அந்தத் தேதிக்கு முன் யார் தனியாக வந்து பேசினாலும் அதே டாக்கில் எழுதச் சொல்லி அனுப்புங்கள்.